வென்டியின் பள்ளம்

மழை தூறத் தொடங்கினால் கட்டுமான ஆட்கள் எல்லோரும் ஷெட்டுக்குள் ஓடுவார்கள். வென்டி கார்மோடி ஷெட்டிலிருந்து வெளியே ஓடுவார். காலில் ரப்பர் பூட்ஸ், கை நிறைய ஆரஞ்சுத் தோல். புதுத் தெருவின் மேட்டில் தோலைக் கிள்ளிப் போட்டுவிட்டு, அது தண்ணீரில் போகிற வழியெல்லாம் குனிந்தபடி பின்னாலேயே போவார். "வரைபடத்துல இடது பக்கம் போகச் சொன்னேன். கழுதை வலது பக்கம் போவுது. சரி, அது இஷ்டம்" என்று நனைந்த காகிதத்தில் கோட்டை மாற்றிப் போடுவார்.

மெல்பர்னின் மேற்கு ஓரத்தில், கல்லும் காற்றுமாகக் கிடந்த வெளியில் எழும்புகிறது அந்தக் குடியிருப்பு. அதற்கு மரம், நிழல், நடைபாதை, நாலு பேர் நின்று பேச ஓர் இடம் எல்லாம் வரைந்து கொடுப்பது வென்டியின் தொழில். பெஞ்சு வரவேண்டிய இடத்தில் முதலில் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, வெஜிமைட் தடவிய ரொட்டியைத் தின்று பார்ப்பார். காற்று தொப்பியைப் பிடுங்கினால் அந்த இடம் தள்ளுபடி. மரக்கன்றும் முழங்கால் உயரம்தான் நடுவார். வீடு விற்கிறவர்களுக்கு அது கண்ணை உறுத்தும். "சின்னதுல வந்தாத்தான் இந்த மண்ணு பழகும். பெருசா வந்தது எல்லாம் விருந்தாளி மாதிரி கிளம்பிடும்" என்பார்.

அங்கே புல் வெட்டுகிறவர் டெஸ் வெல்லா. மால்டாக்காரர். ஒரு புல் நீட்டிக்கொண்டு நின்றாலும் அவருக்குச் சோறு இறங்காது. கீழ்த்தெருவில் சொந்த வீடும் வாங்கிவிட்டார். அதற்கு மேட்டுப் பக்கத்தில்தான் வென்டியின் பள்ளம். ஓடிவரும் மழைநீரை நிறுத்தி மண்ணுக்குள் இறக்க வென்டி வெட்டிய நீளப் பள்ளம், இடுப்பளவு கங்காருப் புல்லோடு. போன குளிர்காலத்து மழையில் பக்கத்துக் குடியிருப்பில் சோபா மிதந்தது. டெஸ் வீட்டு வாசல் மிதியடிகூட நனையவில்லை. மறுநாளே அவர் வென்டிக்குத் தன் ஊர்ப் பலகாரமான பஸ்தீட்சியைச் சுடச்சுடக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஆனால் காப்பாற்றியது பள்ளம் என்றுதான் நினைத்தார். தண்ணீரை வேர் வழியே மண்ணுக்குள் இறக்கும் புல்லுக்கும் அதில் பங்கு உண்டு என்று தோன்றவில்லை.

வசந்தத்தில் வீடு பார்க்க ஜனங்கள் வருகிற நாளுக்கு முன், மேலாளர் கிரெய்க், "இடத்தைச் சுத்தமா வையுங்க" என்றார். டெஸ் சுத்தமாகவே வைத்துவிட்டார். பள்ளம் முழுக்க ஒட்ட வெட்டி, கோடு கோடாக அழகு பார்த்து, ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டார்.

"யார் இதை மொட்டையடிக்கச் சொன்னது?" என்று கிரெய்க் கேட்டார். "போகட்டும், பள்ளத்தை நிரவிட்டு புல்தரைச் சுருளைக் கொண்டாந்து விரிச்சிடலாம். பச்சையாவது தெரியும்." நிரவினால் அடுத்த மழை எங்கே வந்து நிற்கும் என்று டெஸ்ஸுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அங்கே வந்த வென்டி, வெட்டிக் கிடந்த புல்லை ஒரு பிடி அள்ளி முகர்ந்துவிட்டு கிரெய்க்கிடம் சொன்னார்: "எப்படியும் வெட்ட வேண்டியதுதான் தம்பி. டெஸ் கொஞ்சம் முந்திக்கிட்டார், அவ்வளவுதான். கிறிஸ்துமஸ் வரைக்கும் விடு. புல்லு தலை காட்டலைன்னா நானே வழி விடறேன்."

கிரெய்க் போனதும் டெஸ், "என்னை நாலு திட்டு திட்டிடு வென்டி, மனசு ஆறும்" என்றார்.

"திட்டினா முளைக்குமா? போய் வேலையைப் பாரு பெருசு."

மழை எட்டிப் பார்க்கவில்லை. டெஸ் தினமும் வேலைக்குப் போகும் முன் பள்ளத்தைப் பார்த்துவிட்டுப் போவார். பழைய துடைப்பம் போலத்தான் கிடந்தது. டிசம்பரில் கிரெய்க், கிறிஸ்துமஸ் வரை பொறுக்க முடியாது, திங்கட்கிழமை மண் நிரவும் இயந்திரம் வரும் என்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை மாலை வென்டி டெஸ்ஸைப் பள்ளத்துக்குக் கூப்பிட்டனுப்பினார்.

"செத்துப்போச்சு வென்டி. என் கையாலேயே கெடுத்தேன்."

"கண்ணால பாக்காதே." மணிக்கட்டைப் பிடித்து இழுத்து மண்டியிட வைத்து, காய்ந்த புல்தாளுக்குள் அவர் கையைத் திணித்தார். அடியில், முந்தின இரவின் பனித்துளி ஈரம் இன்னும் காயாத மண்ணை ஒட்டி, உள்ளங்கையில் ஏதோ மெல்லக் குத்தியது. டெஸ் தாளை விலக்கினார். பச்சை. ஒரு முழம் தள்ளிப் பார்த்தார், அங்கேயும். தவழ்ந்து தவழ்ந்து பள்ளத்தின் மறுமுனை வரை போனார். எங்கும் இருந்தது.

திரும்பி வந்தபோது அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "அன்னிக்கு நீ என்னை விட்டுக்கொடுக்கல. என் வீட்டையும் காப்பாத்திக் குடுத்துட்ட. உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல."

"முளைச்ச சேதியை நீயே சொல்லு" என்று வென்டி கைப்பேசியில் கிரெய்க்கின் எண்ணை அழுத்தினார். மறுமுனையில் "ஹலோ" கேட்டதும், டெஸ்ஸின் கையெல்லாம் மண்ணாக இருந்ததால், தானே கைப்பேசியை அவர் காதோடு வைத்துப் பிடித்துக்கொண்டார்.