ரத்தப் படம் பார்க்கிற அனிட்டா

அனிட்டாவுக்கு ரத்தம் என்றால் பிடிக்கும் என்று ஒசூரில் அவள் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஒரு பேச்சு இருந்தது. உண்மையில் ஊசி போடப் போனால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள் அவள். அவளுக்குப் பிடித்தவை இத்தாலிக்காரர்கள் நாற்பது ஐம்பது வருடங்களுக்கு முன் எடுத்த பேய்ப் படங்கள். அவற்றில் ரத்தம் வரும். நிறையவே வரும்.

பழக்கம் வேலையிலிருந்துதான் வந்தது. கார் உதிரி பாகங்களை அழுத்தி எடுக்கும் பிரஸ் ஷாப் அது. ஏழு வருடங்களுக்கு முன் இத்தாலியிலிருந்து ஒரு மெஷின் வந்து இறங்கியபோது அதைப் பொருத்த அந்த நாட்டு இன்ஜினியர் ஒருவர் மூன்று வாரம் தங்கினார். அனிட்டா அப்போது தரப் பரிசோதனையில் இருந்தாள். கேன்டீனில் சாப்பிடும்போது, உங்கள் ஊர் சினிமா எப்படி இருக்கும் என்று சும்மா கேட்டு வைத்தாள். ஊருக்குக் கிளம்பும் நாளில் அவர் ஒரு பென் டிரைவைக் கையில் திணித்து, "கதையைத் தேடாதே, பார்" என்று அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

முதல் படத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சர்ச்சிலிருந்து வந்து, ஜன்னல் துணியை இழுத்துவிட்டு, கணவன் ஐசக்கோடு உட்கார்ந்து பார்த்தாள். ஐசக் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். படத்தில் ஒரு பெண் ஆஸ்பத்திரி லிஃப்டில் ஏறி மூன்றாவது மாடிக்குப் போகிறாள். கதவு திறந்தால் எதிரே கல்லறைத் தோட்டம். புல் முழுக்க நீல வெளிச்சம். எங்கிருந்து வருகிறது என்று தெரியாத வெளிச்சம். ஓரத்திலிருந்து கருப்புக் கையுறை போட்ட கை ஒன்று நீள்கிறது. பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்த மாதிரி சிவப்பு கொட்டுகிறது.

"மூணாவது மாடியில எப்புடி அனி கல்லறை வரும்?" என்றார் ஐசக்.

"வந்துச்சே."

"அதான் எப்புடின்னு கேக்கறன். எத்தன டன் மண்ணு! ஸ்லாப் தாங்குமா?"

"பயந்தீங்களா இல்லயா?"

"பயந்தன்."

"அப்பறம் என்ன?"

கதை மோசம் என்பதில் அனிட்டாவுக்கே சந்தேகம் இருந்ததில்லை. உதடு ஒன்று பேசும், குரல் வேறொன்று பேசும். செத்தவள் அடுத்த காட்சியில் காபி குடிப்பாள். கொலைகாரன் யார் என்று கடைசியில் தெரியும்போது சிரிப்பு வரும். சின்ன வயதில் யாரோ அவனுடைய மரக் குதிரையை உடைத்தார்களாம், அதற்காக ஒன்பது கொலை. ஆனால் ஒரு வெற்றுப் படிக்கட்டை அந்தக் கேமரா பார்க்கிற பார்வையில் அவளுக்கு முதுகு சில்லிடும். குழந்தைப் பாட்டு போலத் தொடங்கி நெஞ்சை அடைக்கிற இசை, சுவரெல்லாம் வழியும் பச்சையும் ஊதாவும், இவையெல்லாம் காரணம் சொல்லாமல் நேராக உள்ளே இறங்கின. கெட்ட கனவுக்குள் இருக்கும்போது யாரும் காரணம் கேட்பதில்லை. இன்னொன்றும் இருந்தது. நம் சண்டைப் படங்களில் நூறு பேர் விழுவார்கள், விழுந்தவன் பேர் யாருக்கும் தெரியாது. இந்தப் படங்களில் ஒருத்தி சாகிறாள் என்றால் படம் அப்படியே நின்று அவளைப் பார்க்கும். வீடே சிவந்துபோகும்.

அவளுக்கு அது தேவைப்பட்டது என்றும் சொல்லலாம். நான்கு வருடங்களுக்கு முன் அவளைப் பாதுகாப்புப் பிரிவுக்கு மாற்றினார்கள். யாருக்காவது சின்னக் காயம் பட்டாலும் 'ஏன்-ஏன் அறிக்கை' எழுத வேண்டும். ஏன் நடந்தது? ஒரு பதில். அது ஏன்? இன்னொரு பதில். இப்படி ஐந்து தடவை தோண்டினால் மூல காரணம் கிடைக்கும் என்பது கணக்கு. ஆறு நாளும் 'ஏன்' எழுதுகிறவளுக்கு ஏழாம் நாள் 'ஏன்' இல்லாத இரண்டு மணி நேரம் கிடைத்தது. ஆசைக்கு, ஒரு படத்திலிருந்து சிவப்புத் தாழ்வாரம் ஒன்றை எடுத்து ஆபீஸ் லேப்டாப்பில் முகப்புப் படமாக வைத்திருந்தாள். பேச்சு அங்கிருந்துதான் கிளம்பியது.

போன பிப்ரவரி கடைசியில் ஏழாம் நம்பர் பிரஸ்ஸில் சென்சார் தகராறு செய்தது. கை உள்ளே போனால் மெஷினை அந்த நொடியே நிறுத்துகிற சென்சார் அது. கை போகாதபோதும் நிறுத்த ஆரம்பித்தது. உற்பத்தி தடைபட்டது. பழுது பார்ப்பதற்குப் பதிலாக ஒரு துண்டு ஒயரைக் கட்டி அதன் வாயை அடைத்தார்கள். அனிட்டா அதைப் போட்டோ எடுத்து, ஆலை மேலாளர் ஜெகதீஷுக்கு மெயில் அனுப்பினாள். ஒரே வரியில் பதில் வந்தது: இந்த டெலிவரி முடியட்டும், அப்புறம் பார்க்கலாம். மெஷினை நிறுத்துகிற அதிகாரம் அவளுக்கே இருந்தது. அவள் நிறுத்தவில்லை. மெயில் போட்டாயிற்று என்று டீ குடிக்கப் போனாள்.

மெயில் போட்ட பதினோராம் நாள், செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, மங்கம்மாவின் வலது கையில் மூன்று விரல்கள் போயின.

மங்கம்மாவுக்கு நாற்பத்தாறு வயது. உத்தனப்பள்ளிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வேனில் வரும் ஒப்பந்தத் தொழிலாளி. வீட்டில் தெலுங்கு, லைனில் தமிழ், சூப்பர்வைசரிடம் கன்னடம். அச்சில் சிக்கிய தகட்டை எடுக்கக் கை விட்டாள். பிரஸ் நிற்கவில்லை.

அனிட்டா ஓடிப் போனபோது மங்கம்மா தரையில் உட்கார்ந்து, வலது கையை முந்தானையில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். சத்தமே இல்லை. தரையில் கிடந்தது சிவப்பாகக்கூட இல்லை. மெஷின் ஆயிலோடு கலந்து பழுப்பாக ஓடியது. எட்டாம் நம்பர் பிரஸ் தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் முதல் வேலையாகப் போய் அந்த ஒயர்த் துண்டைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டதை அனிட்டா பார்த்தாள். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தது அதற்குப் பிறகுதான். வண்டி கேட்டைத் தாண்டுவதற்குள் மரத்தூள் போட்டுக் கூட்டிவிட்டார்கள். பதினொன்றே காலுக்கு ஏழாம் நம்பரில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள்.

அனிட்டா அன்றைக்கே அறிக்கை எழுதினாள். மறுநாள் ஜெகதீஷ் அவளைக் கூப்பிட்டார்.

"என்ன எழுதியிருக்கீங்க இது?"

"நடந்தத எழுதியிருக்கன் சார்."

"அஞ்சாவது ஏன்ல என் பேரு வருது."

"அஞ்சாவது ஏன் அங்கதான் சார் போய் நிக்குது."

"ரெண்டாவதுலயே நிறுத்துங்க. ஆபரேட்டர் கவனக்குறைவு. அதுக்கு மேல தோண்ட வேணாம்."

"ஒயர் கட்டுனது யாரு சார்? மங்கம்மாவா?"

"ஒயரா? எந்த ஒயர்?" என்றார் அவர், நிதானமாக.

அவள் கையெழுத்துப் போட மறுத்தாள். அவர்களே வேறு அறிக்கை எழுதினார்கள். தொழிலாளி பயிற்சி பெற்றவர், இடுக்கி பயன்படுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும், பயன்படுத்தவில்லை, ஆகவே விபத்து. படிக்கப் படிக்க அனிட்டாவுக்குக் காது மடல் எரிந்தது. ஓட்டை ஒடிசல் இல்லாத கதை. ஒவ்வொரு வரியும் அடுத்த வரிக்கு ஒழுங்காகக் கை கொடுத்தது. ஒரு பக்கம் முழுக்கத் தேடினாலும் அதில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

அந்த வாரமே அவளுக்கு ஒரு மெமோ வந்தது. கொடூரமான காட்சிகளில் அளவு கடந்த ஈடுபாடு உள்ளவர் என்றும், அதனால் சாதாரண நிகழ்ச்சிகளைப் பெரிதுபடுத்திக் காண்கிறார் என்றும், மனநல ஆலோசனை பெறும்வரை அறிக்கைகள் எழுத வேண்டாம் என்றும் அதில் இருந்தது. சாட்சியாக அவள் லேப்டாப்பின் சிவப்புத் தாழ்வாரத்தைப் பிரிண்ட் எடுத்துப் பின் அடித்திருந்தார்கள். மூன்று விரல் போனது சாதாரண நிகழ்ச்சி! அந்தத் தாளை அவள் எச்.ஆர். மேஜையிலேயே இரண்டாகக் கிழித்தாள். வீட்டுக்கு வந்து குக்கர் மூடியைச் சுவரில் எறிந்தாள். சுவரில் காரை பெயர்ந்தது. ஐசக் மூடியை எடுத்து வைத்துவிட்டு, "மெயில பிரிண்ட் எடுத்து வச்சிருக்கியா?" என்று மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாமல் இருவரும் மங்கம்மா வீட்டுக்கு பைக்கில் போனார்கள். மங்கம்மா வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தாள். கட்டுப் போட்ட கையை ஒரு தலையணை மேல் வைத்திருந்தாள்.

"மாடு ஒத்தக் கையில கறக்க உட மாட்டேங்குது மேடம். ஒதைக்குது" என்றாள் எடுத்தவுடன்.

கம்பெனியிலிருந்து ஆள் வந்து போனதாகச் சொன்னாள். ஒரு தாளில் இடது கை ரேகை வாங்கியிருக்கிறார்கள். என்ன எழுதியிருந்தது என்று யாரும் படித்துச் சொல்லவில்லை.

அனிட்டா, "சென்சார கட்டிப் போட்டது எனக்கு முன்னாடியே தெரியும்க்கா. நான் மெஷின நிறுத்தியிருக்கணும்" என்றாள்.

மங்கம்மா கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் நகர்த்தி வைத்தாள். "ஆமா, நிறுத்தியிருக்கணும்" என்றாள் பிறகு. மன்னிக்கிற மாதிரி எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை.

ஐசக் தண்ணீர் வாங்கிக் குடித்தார். கிளம்பும் நேரத்தில் மங்கம்மாவே கேட்டாள்: "நீங்க ரத்தப் படமா பாப்பீங்களாமே? கம்பெனி ஆளு சொல்லிட்டுப் போனான். என்னாத்துக்கு அது? எங்க, காட்டுங்க."

"வேணாம்க்கா. இப்ப வேணாம்."

"காட்டுங்க மேடம். என்னதான் இருக்குதுன்னு பாக்கறன்."

அனிட்டா தயங்கித் தயங்கிப் போனை எடுத்தாள். ஒரு பெண்ணின் கை மீது கண்ணாடிக் கதவு விழுகிற காட்சி வந்தது. தள்ளிவிடப் போனாள், மங்கம்மா தடுத்தாள். திரையெங்கும் சிவப்பு. அந்தப் பெண் வாயைத் திறந்து கத்துகிறாள், கத்திக்கொண்டே இருக்கிறாள், சுவர், விளக்கு, மாடிப்படி எல்லாம் சேர்ந்து கத்துகிற மாதிரி இசை.

"இதா ரத்தம்? குங்குமத்த கரைச்சு ஊத்தியிருக்காங்க" என்று மங்கம்மா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "ஆனா கத்தறா பாரு. நல்லா கத்தறா. நான் கத்தல மேடம்."

"ஏன்க்கா?"

"கத்துனா லைன் நின்னுடும், சூப்பர்வைசர் திட்டுவான்னு பயந்தன். வெரலு போயிருக்குது, எனக்கு அந்தப் பயம் வந்துச்சு."

கணக்கு வாத்தியார் எழுந்து வேலிப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"இத கவர்மென்ட் ஆபீசருகிட்ட வந்து சொல்லுவீங்களா?" என்றாள் அனிட்டா.

"ரேக வெச்சுட்டேனே?"

"வெச்சா என்ன? படிச்சுக் காட்டாம வாங்குன ரேகக்கா அது."

"அப்ப சொல்றன். இந்தத் தடவ கத்தியே சொல்றன்."

புதன்கிழமை மூன்று பேரும் தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போனார்கள். மெயில், பதில், போட்டோ மூன்றையும் அனிட்டா மேஜை மேல் வைத்தாள். அதிகாரி ஒரு பெண்மணி. போட்டோவின் தேதியை இரண்டு தடவை பார்த்தார். மங்கம்மாவிடம் தெலுங்கிலேயே கேட்டார். மங்கம்மா சொன்னாள். பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சொன்னாள். மறுநாள் காலை அந்த அம்மாள் முன்னறிவிப்பு இல்லாமல் தொழிற்சாலைக்குள் போய் நின்றபோது, ஒன்பதாம் நம்பர் பிரஸ்ஸிலும் ஒயர் கட்டியிருந்தது.

வழக்குப் போட்டார்கள். கம்பெனி தப்பை ஒப்புக்கொண்டது. மங்கம்மாவுக்கு நஷ்ட ஈடு கிடைத்தது, விரல் கிடைக்கவில்லை. மாட்டை விற்றுவிட்டு ஆடு வாங்கிக்கொண்டாள். அனிட்டாவை நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு குடோனுக்கு மாற்றினார்கள். அட்டைப் பெட்டிகளைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. இரண்டு மாதம் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வேலையை விட்டாள். இப்போது கிருஷ்ணகிரியில் மாங்கூழ் தயாரிக்கும் இடத்தில் தரப் பரிசோதனை செய்கிறாள். தினமும் ஒசூரிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறாள். ஞாயிறு மதியம் படம் தொடர்கிறது. ஐசக் இப்போது ஸ்லாப் பற்றிக் கேட்பதில்லை. கலர் சரியாகத் தெரியவில்லை என்று ஜன்னலுக்கு இன்னொரு துணி தைத்து வாங்கி வந்தார்.

கோபம் மட்டும் குறையவில்லை. போன மாதம் காலை பஸ்ஸில் சூளகிரி தாண்டும்போது பழைய சிநேகிதி ஒருத்தியிடமிருந்து செய்தி வந்தது. ஜெகதீஷ் வேறொரு கம்பெனிக்குப் போய்விட்டார், இதைவிடப் பெரிய ஆலை, பதவியும் பெரிது. அனிட்டா சர்ச்சில் சொல்ல முடியாத ஒரு வார்த்தையை வாய்விட்டுச் சொன்னாள். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த பெண், "என்னாச்சும்மா?" என்று கேட்டாள்.

அனிட்டா சொன்னாள். ஒயர், டெலிவரி, மரத்தூள், ரேகை, எல்லாவற்றையும் ஒன்று விடாமல், குரலைத் தாழ்த்தாமல் சொன்னாள். கிருஷ்ணகிரி பஸ் நிலையத்துக்குள் வண்டி திரும்பியபோதும் முடியவில்லை. அந்தப் பெண் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு இறங்காமல் நின்றாள்.

"எந்தக் கம்பெனிக்குப் போயிருக்கான்னு சொன்ன?"

அனிட்டா பெயரைச் சொன்னாள்.

"எம் பொண்ணு அங்கதான் போன வாரம் பிரஸ்ல சேந்துச்சு. அந்தாளு பேர இன்னொருக்கா சொல்லு. உன் நம்பரையும் குடு."

கண்டக்டர் இறங்கச் சொல்லிச் சத்தம் போட்டார். இருவரும் நகரவில்லை. அனிட்டா பையைத் துழாவிப் பேனாவை எடுத்து, டிக்கெட்டின் பின்பக்கம் அந்தப் பேரைக் கொட்டை எழுத்தில் எழுதினாள். கீழே தன் நம்பரை எழுதினாள்.