ஷரீஃபாவின் கண்ணும் பச்சை பிரியாணியும்

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் தெருப் பெண்களுக்குப் புடவைக்கு ஜாக்கெட் துணி பொருந்துகிறதா என்று சந்தேகம் வந்தால் துணிக்கடைக்காரனை நம்ப மாட்டார்கள். பேனர், போர்டு அடிக்கிற கடைக்கு வந்து ஷரீஃபாவிடம் காட்டுவார்கள். அவள் துணியை வாங்கிக்கொண்டு டியூப்லைட் வெளிச்சத்தை விட்டு வெயிலுக்கு வருவாள். ஒரு பார்வைதான். "இது வேற. மாத்திட்டு வாங்க" என்பாள். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. தோப்பும்படியில் மீன் வாங்கி வருகிறவர்கள்கூடப் பையைத் திறந்து செவுளைக் காட்டிவிட்டுப் போவார்கள். வாங்கின பிறகு காட்டி என்ன பிரயோஜனம் என்று கேட்டால் என்னை முறைப்பார்கள்.

நான் ஒச்சப்பன், உசிலம்பட்டிப் பக்கம். பாலம் கட்டுகிற வேலைக்கு வந்தவன், பாலம் முடிந்தும் ஊர் திரும்பாமல் சரக்கு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஷரீஃபாவின் கடையில் அடிக்கிற போர்டுகளையும் பேனர்களையும் கொண்டுபோய்ச் சேர்ப்பது நான்தான். ஆகவே அவளைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டு. தைரியமும் உண்டு, ஏனென்றால் அவள் வீட்டில் தமிழ் பேசுவாளே தவிர, படிப்பது மலையாளம்தான்.

ஷரீஃபாவின் குடும்பம் வியாபாரத்துக்காக என்றைக்கோ கொச்சிக்கு வந்துவிட்ட ராவுத்தர் குடும்பம். பள்ளிக்கூடம் முடித்ததும் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் செய்யப் போனாள். அப்புறம் தம்பி ஷமீரைச் சேர்த்துக்கொண்டு, யாரோ கழித்துவிட்ட ஒரு பெரிய பிரிண்டிங் மெஷினை வாங்கிக் கடை போட்டாள். அந்த மெஷினுக்கு ஒரு குணம். எதைக் கொடுத்தாலும் சிவப்பாகக் கக்கும். ஆரம்பத்தில் அது அடித்த பேனர்களில் மாப்பிள்ளைகள் எல்லோரும் யாருடனோ சண்டை போட்டுவிட்டு நேராக மேடைக்கு வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். சாம்பிளுக்கு என் படத்தையும் அடித்தாள். என் மனைவி ஆவுடையம்மாள் பார்த்துவிட்டு, "யாரு இந்தத் தக்காளி?" என்றாள்.

எப்படியோ ஷரீஃபா அந்த மெஷினை வழிக்குக் கொண்டுவந்தாள். முகம் முகமாக வந்தது, வானம் வானமாக வந்தது. பிரியாணிக் கடை ஷாஹிருக்கு அவள் அடித்துக் கொடுத்த போர்டு ஊரில் பிரசித்தம். போகிறவன் நின்று எச்சில் விழுங்குவான். உள்ளே கிடைக்கிற பிரியாணியைவிட வெளியே தொங்குகிறது ருசி என்று சொல்லிச் சிரிப்போம், ஷாஹிர் காதில் விழாமல்.

இப்போது பிளாஸ்டிக் ஃபிளெக்ஸ் கூடாது, துணியில்தான் பேனர் வேண்டும் என்று ஆகிவிட்டது. பழைய மெஷினுக்குத் துணி ஒத்துவரவில்லை. மை ஊறிப் பரவியது, நாற்றம் வேறு. வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். ஷமீர் அலைந்து திரிந்து ஒரு புது மெஷினைப் பற்றித் தெரிந்துகொண்டு வந்தான்.

"நாத்தம் கிடையாது இத்தா. துணியில அடிச்சதும் காஞ்சிரும். கலரும் அதுவே பாத்துச் சரி பண்ணிக்கும்" என்றான். அக்காவை அவன் இத்தா என்றுதான் கூப்பிடுவான்.

"கலர அதுவே பாத்துக்குமா?"

"ஆமா."

"அப்ப நான்?"

ஷமீர் சிரித்தான். ஷரீஃபா சிரிக்கவில்லை.

ஆனாலும் அவன் மரியாதை தெரிந்தவன். "இத்தா பாத்து சரின்னா எடுக்கலாம், வேண்டாம்னா வேண்டாம்" என்று முடிவை அவளிடமே விட்டுவிட்டான். களமசேரி ஷோரூமுக்கு அவள் என் ஆட்டோவில் வந்தாள், ஷமீர் பைக்கில் வந்தான். அங்கே மெஷினை ஓட்டிக் காட்டியவள் சுபாஷிணி என்ற கோயம்புத்தூர்ப் பெண். முதலில் ஒரு கிளிப் படம் அடித்தாள். இறகு இறகாக, தொட்டால் கொத்திவிடும் போல இருந்தது.

"கிளி நல்லாத்தான் இருக்கும், நீங்க வளக்கற கிளிதானே" என்றாள் ஷரீஃபா. கைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்து நீட்டினாள். "என் பிரியாணிய அடிங்க."

ஷாஹிர் கடை பிரியாணி துணியில் மெல்ல இறங்கி வந்தது. பச்சையாக. குளத்துப் பாசியில் கோழிக்காலை வைத்தது மாதிரி. ஷமீரின் முகம் தொங்கிவிட்டது. நான் ஷரீஃபாவைப் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் ஓடியது.

சுபாஷிணி கம்ப்யூட்டரில் எட்டிப் பார்த்துவிட்டு, "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. ஃபைல்லயே பச்சை இருக்குதுங்க" என்றாள்.

"இந்த ஃபைல்லதான் ஊர் பூரா போர்டு நிக்குது. நான் பாக்காத கலரா?"

அந்தப் பெண் பாவம், மெஷினைத் துடைத்தாள், துணியை மாற்றினாள், மறுபடி அடித்தாள். மறுபடியும் பச்சைதான், இன்னும் தெளிவாக.

ஷரீஃபா யோசித்தாள். "ஒச்சப்பண்ணே, அந்த ஜன்னல்கிட்ட நில்லுங்க" என்று போனில் என்னைப் படம் எடுத்து, அப்படியே மெஷினுக்கு அனுப்பச் சொன்னாள். துணியில் நான் இறங்கி வந்தேன். காதோர நரை, சட்டையில் வெற்றிலைக் கறை, என் அப்பன் கொடுத்த கறுப்பு, எல்லாம் உள்ளது உள்ளபடி. அவள் துணியை என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள். ஒரு பார்வையில் தீர்ப்பு சொல்கிறவள் அன்று ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு துணியை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, "இது நமக்கு வேண்டாம் ஷமீர், போகலாம்" என்றாள்.

ஷமீர் "சரி இத்தா" என்றான். பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் முதுகைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

திரும்பும்போது அவள் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். தோப்பும்படிப் பாலம் இறங்கியதும், "அண்ணே, ஓரமா நிறுத்துங்க" என்றாள். நிறுத்தினேன்.

"அந்தப் பொண்ணு சொன்னதுதான் சரி. நம்ம பழைய மெஷின் செவப்பாக் கக்குமே, அதுக்காக எல்லாப் படத்துலயும் செவப்பக் குறைச்சு பச்சையக் கூட்டி வெப்பேன். தினமும் பண்ணிப் பண்ணி, படத்தத் திறந்தா கை தானாப் பண்ணிரும். பண்றேன்னே மறந்துபோச்சு. புது மெஷின் குடுத்தத அப்படியே அடிச்சிருக்கு."

"இது எப்பத் தெரிஞ்சுது?"

"உங்க மூஞ்சியப் பாத்தப்பவே."

"அப்புறம் ஏன் வேண்டாம்னீங்க?"

"பயம் அண்ணே" என்றாள். கண் கலங்கிவிட்டது. "கலரையும் அதுவே பாத்துக்கிட்டா அந்தக் கடையில எனக்கு எந்தா வேலை? வெறுதே உக்காந்து ஃபேன் பாக்கவா?"

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. ஊரில் சாவு வீட்டிலேயே நான் பந்தல் பக்கம் போய் நின்றுகொள்கிறவன். "சாயா குடிக்கிறீங்களா?" என்று கேட்டேன். அவள் கைப்பையிலிருந்து என் படத்தை எடுத்து விரித்தாள். அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்துவிட்டாள்.

"இத்தன வருஷத்துல உங்கள ஒரு தடவகூட நான் இப்படிச் சரியா அடிச்சதில்ல அண்ணே."

"ஆவுடையம்மா பாத்தா அடையாளம் கண்டுபிடிச்சிருவா."

"போதும் அண்ணே, வண்டியத் திருப்புங்க" என்றாள்.

அந்த நேரத்து நெரிசலில் மறுபடி களமசேரி என்றால் சும்மாவா? முணுமுணுத்துக்கொண்டேதான் திருப்பினேன். வழியிலேயே ஷமீருக்குப் போன் போட்டு, "எடுக்கறோம்டா. இத்தாதான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றாள். ஷோரூமில் எல்லோருக்கும் முன்னால் சுபாஷிணியின் கையைப் பிடித்து, பிரியாணி பச்சையானதற்குத் தானே காரணம் என்று சொன்னாள். அந்தப் பெண்ணுக்குப் போன உயிர் வந்தது. எனக்கு அன்றைக்கு ஷரீஃபாவின் மேல் வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

புது மெஷின் வந்து இறங்கியது. முதல் வேலையாக ஷாஹிரின் பிரியாணியைப் புதிதாகப் படம் எடுத்து, எதையும் தொடாமல் துணியில் அடித்தாள். கட்டிய மறு நிமிஷமே ஷாஹிர் வாசலுக்கு ஓடி வந்தார்.

"எடி ஷரீஃபா, இது எந்தா? என்னோட பிரியாணி காய்ச்சல் வந்து கெடக்கற மாதிரி இருக்கு! மெஷின் சரியில்ல!"

பழைய போர்டில் அவள் கைப்பக்குவத்தில் ஏறியிருந்த பொன்னிறமும் நெய் மினுக்கும் இதில் இல்லைதான். ஷரீஃபா கொஞ்சம் வெளிறிப் போனாள். பிறகு, "ஒரு பிளேட் கொண்டுவரச் சொல்லுங்க இக்கா" என்றாள்.

பிளேட் வந்தது. அவள் அதை வெயிலில் பேனருக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தாள். ஒரு வித்தியாசமும் இல்லை. ஷாஹிர் பேனரைப் பார்த்தார், பிளேட்டைப் பார்த்தார், சுற்றி நின்ற எங்களைப் பார்த்தார். எனக்கு அவர் கோபம் தெரியும், கை தயாராக ஆட்டோ சாவியில் இருந்தது. ஆனால் அவர் குரலைத் தாழ்த்தி, "இதுல எங்க குறையுது?" என்று ஷரீஃபாவைக் கேட்டார்.

அவள் பிளேட்டை இப்படியும் அப்படியும் சாய்த்தாள். ஒரு பார்வைதான். "வெங்காயம் இன்னும் செவக்கணும். மஞ்சப்பொடி கூடிப்போச்சு. நெய்ய ஆரோ மறந்துட்டாங்க."

ஷாஹிர் சமையற்கட்டைப் பார்த்துத் திரும்பிப் போட்ட சத்தம் படகுத்துறை வரை கேட்டிருக்கும்.

வெங்காயம் சிவந்த பிறகு வேறு படம் எடுத்து வேறு பேனர் கட்டினார்கள். அதையும் நின்று பார்க்கிறார்கள், இப்போது பலர் உள்ளேயும் போகிறார்கள். வெள்ளிக்கிழமை தோறும் முதல் அண்டா திறந்ததும் ஒரு பிளேட் போர்டு கடைக்கு வந்துவிடும். ஷரீஃபா அதை வெயிலுக்கு எடுத்துப் போய் ஒரு பார்வை பார்த்து, "ம், விளம்பிக்கோங்க" என்ற பிறகுதான் ஷாஹிர் பரிமாறுவார்.

அவளுக்கு நெஞ்செரிச்சல், பிரியாணி தொடக் கூடாது. பார்த்த பிளேட்டை யாராவது சாப்பிட்டாக வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் அந்த நேரத்துக்கு நான் லோடு எடுப்பதில்லை.