கூப்பிட்டால் திரும்பாதவர்

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ. விருதுநகர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டும் என் பக்கத்தில் இருந்தவர் திரும்பவில்லை. வீங்கிய முகம், நகக்கண்ணெல்லாம் வெள்ளிப் பொடி. காது கேளாதவர் என்று நானே முடிவுகட்டி, பெரிய உபகாரமாக அவர் தோளைத் தட்டினேன்.

"காது நல்லாக் கேக்கும் அண்ணாச்சி. நாரணாபுரத்துல பட்டாசுக்கு மருந்து சலிக்கேன். சலிக்கையில யாரு கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது. கை பதறி உரசுச்சுன்னா அம்புட்டுத்தான். அதே பழகிப்போச்சு."

இருவருக்கும் சிறுநீரில் நுரை. அதனால் டாக்டர் எங்களைச் சேர்த்தே உட்கார வைத்து, ஒரே மூச்சில் பாடத்தை முடித்தார். சிறுநீரகத்தின் வடிகட்டிச் செல்களுக்குக் கால்கள் உண்டாம். ரத்தத்தில் வரும் ஒரு ரசாயனம் வெளியே இருந்தபடியே உத்தரவு போட, அவை காலைச் சுருக்கிக்கொள்ளுமாம். அந்த இடைவெளியில் புரதம் ஒழுகுமாம். அவர் எழுதிக் கொடுத்த மாத்திரை அந்த உத்தரவைத் தடுக்குமாம். பட்டதாரியான நான் எல்லாம் புரிந்ததுபோல் தலையாட்டினேன்.

பட்டாசுக்காரர் மட்டும் கேட்டார்: "சலிக்கிறவனை வெளிய நின்னு ஒருத்தன் கூப்பிட்டுக்கிட்டே இருக்கான். இந்த மாத்திரை அவன் வாயப் பொத்துது. அப்படித்தான சார்?"

"அப்படியும் சொல்லலாம்" என்றார் டாக்டர், பெருந்தன்மையோடு.

மருந்துச் சீட்டை மேஜையிலேயே விட்டுவிட்டு நடந்தார் மனிதர். கூப்பிட்டுக்கொண்டே பின்னால் ஓடினேன். ஒரு தரமும் திரும்பவில்லை. கடைசியில் முன்னால் போய் நின்று கொடுத்தேன்.

அவருடைய சிறுநீரகத்துக்கு மட்டும் அந்தப் பழக்கம் வரவில்லை.