காலை ஆறரை மணிக் கூட்டம்

பிளம் கிரீக் கவுண்டியை, அதாவது எங்கள் அமெரிக்க மாவட்டத்தை, ஐந்து ஆணையர்கள் ஆள்வதாகத் தேர்தல் அலுவலகத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். உண்மையில் ஆண்டது பெவ் காபிக்கடையின் வட்ட மேசை. செவ்வாய்தோறும் காலை ஆறரைக்கு அவர்களில் மூன்று பேர் அங்கே வந்து உட்காருவார்கள். முட்டையும் உருளைக்கிழங்கு வறுவலும் தின்று முடிப்பதற்குள் எந்தச் சாலைக்குச் சரளை, எந்தப் பாலத்துக்குப் பூட்டு என்பதெல்லாம் முடிவாகிவிடும். ஒன்பது மணிக்கு, கவுண்டி அலுவலகம் இருக்கும் நீதிமன்றக் கட்டடத்தில் நடப்பது வெறும் மறு ஒளிபரப்பு. ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார், மேசைக்கு வெளியே இருந்த இருவர் திருதிருவென்று விழிப்பார்கள்.

அந்த மேசைக்குப் பதினோரு வருடம் காபி ஊற்றியவள் அர்லிஸ் குடெரா. வயது ஐம்பத்தெட்டு. கவுண்டியின் வடகோடியில், ஒரேனா என்ற சிற்றூரில், என் வீட்டுக்கு எதிர்வீடு. அவளும் நானும் ஆணையர் குழுத் தலைவன் டுவேன் ஸ்டெக்கரும் ஒரே பள்ளிக்கூடம். அங்கே டுவேன் பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதுவான். அர்லிஸ் தன் தாளைக் கையால் மூடிக்கொள்வாள். பின்னாளில் அவளுக்குச் சோளக் கிடங்கில் எடை போடும் வேலை கிடைத்தது. முதலாளி எடையைக் கொஞ்சம் குறைத்து எழுதச் சொன்ன அன்றே விட்டுவிட்டு வந்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன் அவள் கணவன் கஸ்ஸுக்கு மாரடைப்பு வந்தது. ஒரேனா நிலையத்து ஆம்புலன்ஸ் ஒன்பது நிமிடத்தில் வாசலில் நின்றது. பெவ் கடை இருக்கும் தலைமையூரிலிருந்து வந்திருந்தால் நாற்பது நிமிடம். கஸ் இன்றும் உயிரோடிருந்து வீட்டுக் காபியைக் குறை சொல்கிறான் என்றால் அந்த முப்பத்தொரு நிமிட வித்தியாசம்தான் காரணம். கடவுள் காப்பாற்றினார் என்று பாதிரியார் வந்து சொன்னபோது, அர்லிஸ் ஆம்புலன்ஸ் ஓட்டிய பையனின் பெயரை அவருக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

போன செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, அந்த ஒரேனா நிலையத்தை மூடுவதென்று வட்ட மேசை முடிவு செய்தது. ஓட்டு அடுத்த செவ்வாய். நிகழ்ச்சிநிரலில் 'அவசரச் சேவை மறுசீரமைப்பு' என்று போட்டால் ஒருத்தனுக்கும் புரியாது, ஒன்பது மணிக்கு வடக்கத்தி ஆட்கள் மாட்டுப்பட்டி வேலையில் நின்றிருப்பார்கள் என்று டுவேன் சிரித்தான். காபிக் குடுவையோடு நின்றவளையும் அவர்கள் மேசை நாற்காலியோடு சேர்த்துத்தான் எண்ணியிருந்தார்கள்.

"டுவேன், கஸ்ஸுக்கு மறுபடி நெஞ்சு வலிச்சா நான் யாரைக் கூப்பிடறது?" என்று அர்லிஸ் கேட்டாள்.

"ஜெபம் பண்ணு. இப்போ காபி ஊத்து. உன் வேலை அதுதானே."

ஊற்றினாள். மதியம் வேலை முடிந்ததும் நூலகத்துக்குப் போய் மாநிலத்தின் கூட்டச் சட்டத்தை உட்கார்ந்து படித்தாள். ஐந்து ஆணையர்களில் மூவர் எங்கே கூடிக் கவுண்டி விவகாரம் பேசினாலும் அது கூட்டம்தான். முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். யாரும் வந்து கேட்கலாம்.

வெள்ளிக்கிழமை காபிக்கடைக் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: 'பிளம் கிரீக் கவுண்டி ஆணையர் கூட்டம். செவ்வாய் காலை 6.30. இடம்: வட்ட மேசை. பொருள்: ஒரேனா ஆம்புலன்ஸை மூடுவது. எல்லோரும் வரலாம். காபிக்குக் காசு தர வேண்டும்.' அதே தாளை ஒரேனா மளிகைக் கடையிலும் மாட்டுப்பட்டி வாசலிலும் ஒட்டினாள். கடைக்காரி பெவ் நடுங்கிப்போனாள். அவள் கடைக்கு உரிமம் தருவதே கவுண்டி. கிழிக்காவிட்டால் உன்னை வேலையை விட்டு நிறுத்துவேன் என்றாள்.

"நிறுத்திக்கோ. செவ்வாக்கிழமை மட்டும் தாண்டட்டும். அன்னிக்கு உனக்கு ஆள் பத்தாது."

பத்தவில்லைதான். ஆறு மணிக்கே நாற்பது பேர். பட்டி ஆட்கள் வேலைக்குத் தாமதமாக வருவோம் என்று சொல்லிவிட்டு, சாணி காயாத பூட்ஸோடு முப்பத்தெட்டு மைல் ஓட்டி வந்திருந்தார்கள். கஸ் தன் மாத்திரை டப்பாவை எல்லோரும் பார்க்கும்படி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வட்ட மேசையைச் சுற்றி மூன்று நாற்காலிகள் மட்டும் காலி.

டுவேன் தாளைப் படித்துவிட்டு உள்ளே வந்தான். "இது என்ன கூத்து, அர்லிஸ்? நாங்க சாப்பிட வந்திருக்கோம்."

"சாப்பிடு. மூணு பேரும் பேசினா அது கூட்டம், நான் எழுதிக்குவேன். பேசலேன்னா வெறும் முட்டை."

மூவரும் ஆளுக்கொரு மூலைக்குப் போனார்கள். ஊர் விடவில்லை. ஒவ்வொருவர் எதிரிலும் யாராவது உட்கார்ந்து, வீட்டில் யாருக்கு என்ன நோய், ஆஸ்பத்திரி எத்தனை மைல் என்று நிதானமாகச் சொன்னார்கள். மூன்று தட்டிலும் முட்டை ஆறிப்போயிற்று.

ஒன்பது மணிக் கூட்டம் வழக்கம்போல மக்கள் உடல்நலத்துக்கான ஜெபத்தோடு தொடங்கியது. ஆம்புலன்ஸைப் பிடுங்க வந்தவர்கள் பக்தியோடு கண்ணை மூடிக்கொண்டார்கள். ஆனால் காலையில் கூடிப் பேச முடியாததால் அன்று யார் ஓட்டு எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாது. வாயைத் திறந்து பேசித்தான் ஆக வேண்டியிருந்தது. இரண்டு மணி நேரம் பேசினார்கள். வட்ட மேசைக்காரர் ஒருவர் பக்கம் மாறினார். மூன்றுக்கு இரண்டு: நிலையம் இன்னும் ஒரு வருடம் இருக்கும்.

அர்லிஸ் அங்கே போகவில்லை, அவளுக்கு வேலை நேரம். தட்டுக் கழுவும்போது கஸ் வந்து சொன்னான்.

"ஒரு வருஷம்தானா?" என்றாள். கையைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

பெவ் அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை. டுவேன் இப்போது வட்ட மேசையின் மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு நெடுஞ்சாலைக் கடையில் சாப்பிடுகிறானாம். கண்ணாடியில் அந்தத் தாள் இன்னும் இருக்கிறது. திங்கட்கிழமைதோறும் அர்லிஸ் தேதியை மாற்றுகிறாள். போன வாரம் இடத்தையும் மாற்றினாள். நெடுஞ்சாலைக் கடையில் பரிமாறும் பெண்ணிடம் ஒரு பிரதியும், கூடவே ஒரு குறிப்பேடும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.