ஆறாம் பக்கத்துக் கேள்விக்குறி

போன வாரம் கல்லூரியில் என் அலமாரியை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது பழைய பிளாஸ்டிக் உறை ஒன்று கையில் தட்டுப்பட்டது. திறந்ததும் புகை போட்ட ரப்பர் ஷீட்டின் வாடை; அதற்கடியில் லேசாகக் கருவாடு. கணினிப் பாதுகாப்பு பற்றிய ஆய்வுக் கட்டுரைக்கு இப்படியொரு மணம் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். எனக்கு உடனே என் பழைய மாணவர்கள் பிபினும் ஜெனிலாவும் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

ஏழெட்டு வருடம் இருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. கணினிப் பாதுகாப்பில் புதிதாக வரும் ஆய்வுக் கட்டுரைகளைச் சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் மாணவர்களோடு உட்கார்ந்து வாசிப்பது என்று ஆரம்பித்தேன். ஆளுக்கொரு பிரதி கொடுத்தேன். ஒருவரும் வாசிக்கவில்லை. புரிந்ததா என்று கேட்டால், மனசிலாச்சு மிஸ் என்று எல்லாரும் ஒன்றுபோலத் தலையாட்டினார்கள். எனக்குப் பிடிவாதம் கொஞ்சம் கூடுதல். என் அம்மா அதற்கு வேறு பெயர் சொல்வாள். அடுத்த வாரம் ஒரே ஒரு பிரதிதான் எடுத்தேன்.

அந்த ஒரு பிரதி வாரம் முழுக்கக் கைமாறும். புரியாத இடத்தில் ஓரத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட வேண்டும். அடுத்து வாங்குகிறவருக்கு விடை தெரிந்தால் அதை அழித்துவிட்டுப் பக்கத்தில் ஒரு வரி எழுதலாம். சனிக்கிழமை மிச்சமிருக்கிற கேள்விக்குறிகள்தாம் எங்கள் பாடம். கட்டுரை முதலில் பஸ் ஏறித் திற்பரப்புக்குப் போகும். பிபினுக்கு ரப்பர் ஷீட் அடுக்கிய அறைதான் படிப்பறை. பிறகு மண்டைக்காட்டில் ராஜி. கடைசியாக முட்டம், ஜெனிலாவின் அம்மாவுக்குக் கருவாட்டு வியாபாரம். வெள்ளிக்கிழமை என் கைக்கு வரும்போது மூன்று ஊர்த் தண்ணீர் குடித்த களை அதற்கு வந்திருக்கும்.

துறைத்தலைவருக்கு இது பிடிக்கவில்லை. அந்த நேரத்தை வேலைவாய்ப்புப் பயிற்சிக்குக் கொடுத்தால் நாலு பிள்ளைகள் கரையேறுமே என்பது அவர் கட்சி. அதிலும் நியாயம் உண்டு. வருகிற சனிக்கிழமை நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார். விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

ஒரு கணினிக்குள் திருட்டுத்தனமாகப் புகுந்தவன், தான் வந்துபோன தடத்தை அழித்துவிட்டால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் அந்த வாரக் கட்டுரை. வெள்ளிக்கிழமை ஒரே ஒரு கேள்விக்குறி மிச்சம். ஆறாம் பக்கம், ஜெனிலா போட்டது. ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு எப்படிப் போனார்கள் என்று எனக்கும் பிடிபடவில்லை. மூன்று முறை வாசித்தும் தலைகால் புரியவில்லை. நாளைக்குத் துறைத்தலைவர் முன்னால் இது வந்தால் திருதிருவென்று முழிக்க வேண்டியதுதான். அழிரப்பரை எடுத்துத் தேய்த்தேன். தூளை ஊதிவிட்டேன். தடத்தை அழிக்கிறவனைப் பிடிக்கச் சொல்லித்தரும் கட்டுரையிலேயே தடத்தை அழித்த புத்திசாலி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சனிக்கிழமை துறைத்தலைவர் பின்வரிசையில் உட்கார்ந்தார். பிபின் நன்றாகப் பேசினான். ராஜி இரண்டு படம் போட்டுக் காட்டினாள். பிரதி ஜெனிலாவின் கைக்குப் போனது. அவள் ஆறாம் பக்கத்தைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து விரலால் தடவிப் பார்த்தாள்.

"மிஸ், இதுல நான் அமுத்தி ஒரு கேள்வி போட்டிருந்தேன். குழி அப்படியே கெடக்கு. அழிச்சது யாரு? பதிலக் காணல்லியே."

"ஏட்டி, சும்ம இரி," என்றான் பிபின், மெதுவாக. "ஒனக்குப் பொறவு மிஸ்ஸுதான் பாத்தாவ."

இரண்டு மூன்று சாக்கு எனக்கு நாக்கு நுனியில் தயாராக இருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் இப்போது மழுப்பினால் இந்தப் பிள்ளைகள் இனி ஒரு கேள்விக்குறியும் போடமாட்டார்கள் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"நான்தான் அழிச்சேன். எனக்கும் மனசிலாவல்ல," என்றேன்.

ஜெனிலா பென்சிலை எடுத்து அந்தக் குழியின் மேலேயே மறுபடி வரைந்தாள்.

எதிர்பார்த்தபடி அந்த நேரம் பயிற்சிக்குப் போய்விட்டது. டீச்சருக்கே தெரியாததைப் பிள்ளைகளுக்கு எதற்கு என்று துறைத்தலைவர் கேட்டார். அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடிந்த பிறகு நாங்கள் நாலு பேரும் கல்லூரிப் பஸ் நிற்கும் கொட்டகையில் உட்கார்ந்தோம். மூன்று வாரம் ஆறாம் பக்கத்தோடு மல்லுக்கட்டினோம். முடியாமல், கட்டுரை எழுதியவர்களுக்கே எங்கள் நாலு பேர் பெயரும் போட்டு மெயில் அனுப்பினோம். இரண்டு வரியில் பதில் வந்தது: அந்த இடத்தில் ஒரு படி விடுபட்டுப்போயிற்று, பிழை எங்களுடையது. ஜெனிலா அதைச் சத்தமாக இரண்டு தடவை வாசித்தாள். அன்றிலிருந்து நான் அழிரப்பர் வைத்துக்கொள்வதில்லை.

இப்போது துறைத்தலைவர் மாறிவிட்டார். சனிக்கிழமை நேரம் கால அட்டவணையிலேயே இருக்கிறது. கட்டுரை எல்லாருடைய போனிலும் வந்து விழுகிறது. கேட்டால் அந்தப் போனே அரை நிமிடத்தில் சுருக்கமும் கொடுத்துவிடுகிறது. எல்லாருக்கும் எல்லாமே மனசிலாகிவிடுகிறது. ஆறாம் பக்கத்தைச் சன்னலில் சாய்த்துப் பார்க்கத்தான் ஆளில்லை.

பழைய உறை கண்ணில் பட்டதும், புதிய கட்டுரை ஒன்றை ஒரே ஒரு பிரதி எடுத்துச் சுற்றுக்கு விட்டேன். நாலு வீடு போய் நேற்றுத் திரும்பி வந்தது. ஒரு வாடை இல்லை, ஒரு கோடும் இல்லை. பென்சிலைச் சீவினேன். எனக்கு உண்மையாகவே புரியாத இடமாகப் பார்த்து, அதற்கொன்றும் பஞ்சமில்லை, குழி விழும்படி அமுத்தி ஒரு கேள்விக்குறி போட்டேன். கீழே என் பெயரையும் எழுதி, இன்று காலை முதல் ஆளிடமே திரும்பக் கொடுத்துவிட்டேன்.