சிவக்காத முதுகு

மலேசியாவில், கிள்ளானுக்குப் பக்கத்து மேருவில் ஒரு ஸ்கின்கேர் தொழிற்சாலையின் லேபில் சேர்ந்த எட்டாவது மாதம், முகத்துக் கரும்புள்ளிகளை மங்கச் செய்யும் சீரம் ஒன்றை என் பொறுப்பில் விட்டார்கள். என் முதல் ஃபார்முலா. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு ஸ்கின் கிளினிக் நாங்கள் அனுப்பும் முதல் பாட்சுக்குக் காத்திருந்தது. மிச்சமிருந்தது பேட்ச் டெஸ்ட் மட்டும்.

சீரத்தையும் ஒப்பிட வேறு சில கரைசல்களையும் முதுகில் சின்னச் சதுரங்களாக ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பிரித்து, தோல் எவ்வளவு சிவந்திருக்கிறது என்று ஒரு சார்ட்டோடு ஒப்பிட்டு மதிப்பெண் போட வேண்டும்; சிவப்பே இல்லையென்றால் சைபர். பேக்கிங் பிரிவிலிருந்தே பத்துப் பேரைச் சேர்த்தோம். கிள்ளானிலிருந்து வரும் செல்வி அக்காதான் முதலில் கையெழுத்துப் போட்டார்.

பிரித்த அன்று, "மூணாவது கட்டம் நேத்திலேர்ந்து அரிக்குதும்மா" என்றார்.

"செவக்கவே இல்லையேக்கா. சார்ட்படி சைபர்தான்."

"என் கலருக்கு எங்க லா செவக்கும்? வெயில்ல நின்னாலும் கறுக்கத்தான் செய்யும்."

இருவரும் சிரித்தோம். நான் சைபர் என்று எழுதினேன். அரிப்பை எழுத அந்தத் தாளில் இடமே இல்லை.

அடுத்த வாரம் அக்கா லேபுக்கு வந்து முதுகைக் காட்டினார். சீரம் ஒட்டிய மூன்றாவது சதுரம் இருந்த இடத்தில், அதே அளவில், கருமை படிந்திருந்தது. கறுத்த தோலில் எரிச்சல் அப்படித்தான் வெளிவரும். படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன்.

"வீட்டுக்காரரு பாத்துட்டு, யாருடி ஸ்டாம்ப் அடிச்சதுன்னு கேக்குறாரு" என்று சிரித்தார். பிறகு அக்காவின் சிரிப்பு நின்றது. "முதுகுன்னால பரவால்லம்மா. இத மூஞ்சியில போடப் போறவங்க?"

சார்ட்டை எடுத்துப் பார்த்தேன். படங்களில் இருந்தவை எல்லாம் வெளுத்த முதுகுகள். அதைப் பிடித்திருந்த என் கை, அக்காவின் நிறம்.

மேலாளர் குமரனிடம் போனேன். "பாஸ், அந்த சைபர் தப்பு. பாட்ச அனுப்ப வேணாம்."

"பத்துல ஒருத்தர்தானே லா. கிளினிக்குக்கு நான் என்ன சொல்றது?"

"மத்த ஒம்பது பேர்கிட்ட அரிச்சுதான்னு நான் கேக்கவே இல்ல பாஸ்."

அவர் என் கையிலிருந்த சார்ட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு பாட்சை நிறுத்தும் தாளில் கையெழுத்துப் போட்டார்.

அன்றே ஒவ்வொருவராகக் கேட்டேன். இன்னும் நான்கு பேருக்கு அரித்திருந்தது. "நீங்கதான் சைபர்னு எழுதிட்டீங்களே, அதான் சொல்லல" என்றார் ஒருவர்.

கரும்புள்ளியை மங்கச் செய்யும் ஆசிட்டின் அளவைக் குறைத்துச் சீரத்தைத் திரும்பச் செய்தோம். இம்முறை என் முதுகிலும் ஒட்டிக்கொண்டேன். இப்போது என் தாளில் முதல் கட்டம், ஒட்டிக்கொண்டவர் என்ன சொன்னார் என்பது. சிவப்பு அதற்குப் பிறகுதான். லேபுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான்: பார்ப்பதற்கு முன்னால் கேளுங்கள்.

செல்வி அக்காவைத் தோல் டாக்டரிடம் காட்டி வருகிறோம். மாதம் ஒருமுறை அந்தச் சதுரத்தின் கருமைக்கு நானே மதிப்பெண் எழுதிவைக்கிறேன். இன்னும் சைபர் வரவில்லை.