ஒரே மூச்சில் ஒரு வாக்கியம்

என் தம்பி மகன் கொட்டுகிற பனியில் ரயிலையே ஓடி முந்தியவன். இதைப் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன், ஒருவரும் மறுத்ததில்லை. கொஞ்சம் மிகைதான். ரயில் அப்போது சிக்னலுக்காக நின்றுகொண்டிருந்தது. அவன் முந்தியதும் முழு ரயிலை அல்ல, கடைசி இரண்டு பெட்டிகளை. அதிலும் இரண்டாவது பெட்டிக்குப் பக்கத்தில் வரும்போது ரயில் கிளம்பிவிட்டது, அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். ஆனால் முந்தினான் என்ற சொல்லில் பொய் கிடையாது.

அவன் தொழில் பல் செட் செய்வது. டாக்டர் இல்லை. டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். இவன் அதில் பிளாஸ்டர் ஊற்றித் தாடையை வார்ப்பான், மெழுகில் பற்களை ஒவ்வொன்றாகப் பதிப்பான், கடைசியில் இளஞ்சிவப்பு ஈறோடு ஒரு முழுச் சிரிப்பை டப்பாவில் போட்டுத் திருப்பி அனுப்புவான். வீட்டின் தெருப் பக்க அறைதான் பட்டறை. நான் மாடியில் இருக்கிறேன். ஊரில் பாதிப் பேரின் தாடை அவன் அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது. முகம் பார்த்தால் அவனுக்கு யாரையும் தெரியாது. வாயைத் திறந்தால் தெரிந்துவிடும். சாலை ஓட்டங்களில் வரிசையில் நிற்கும்போது, “அந்த மஞ்சச் சட்டை, மேல் வரிசை முழுக்க நம்ம வேலை” என்று காதோடு சொல்வான். ஓட்டக்காரர்கள் அவனைப் ‘பல்லு’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

எங்கள் குடும்பத்தில் யார் எதைச் சொன்னாலும் அதில் ஒரு வேடிக்கையைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டார்கள். என் தம்பி, அதாவது பல்லுவின் அப்பா, கடைசியாக மருத்துவமனையில் கிடந்தபோது, மூச்சு விட முடிகிறதா என்று டாக்டர் கேட்டார். “விட முடியுது, வாங்கத்தான் முடியல” என்றான். டாக்டரே சிரித்துவிட்டார். மறுநாள் போய்விட்டான்.

இந்த வீட்டுக்கு வந்த மருமகள் வேறு மாதிரி. அவள் வளர்ந்த வீட்டில் ஒருவர் பேசினால் மற்றவர்கள் கேட்பார்களாம். முதலில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. பொட்டலங்கள் வந்து குவியும் ஒரு பெரிய கிடங்கில் அவளுக்கு வேலை, நாள் முழுக்க நடை. வந்த புதிதில் சாப்பாட்டு மேஜையில் ஏதாவது சொல்லத் தொடங்குவாள். மேற்பார்வையாளர் எல்லார் முன்னாலும் தன்னை மட்டம் தட்டினார் என்பாள். இவன் உடனே எழுந்து அந்த மேற்பார்வையாளர் மாதிரி நடந்து காட்டுவான். நான் என் பங்குக்கு ஒன்றைச் சேர்ப்பேன். அவளும் சிரிப்பாள். சொல்ல வந்தது தட்டிலேயே ஆறிப்போகும். சில வருஷங்களில் சொல்லத் தொடங்குவதையே விட்டுவிட்டாள்.

தூக்கத்தில் பல்லைக் கடிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். சத்தம் இவனுக்குக் கேட்டது. பகலில் விளக்கைப் பிடித்து அவள் வாயைப் பார்த்தான். கடைவாய்ப் பற்கள் தேய்ந்திருந்தன. ஒருத்தி பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறாள் என்றால் எந்தப் புருஷனும் எதற்கு என்று கேட்பான். இவன் அளவெடுத்தான். நகத்தைப் போல மெல்லிசாக, கண்ணாடி மாதிரி ஒரு பல்லுறை செய்துகொடுத்தான். அவன் கையில் உருவானதிலேயே அழகான வேலை அதுதான். தேய்மானம் நின்றுவிட்டது, பார்த்தீர்களா அத்தை என்று என்னிடம் பெருமை வேறு.

அவள் ஓடுவாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே காலையில் எழுந்து ஓடுகிறவள். தெருமுனைச் செருப்புக்கடைக்காரர் ஒரு கூட்டத்தைச் சேர்த்து வைத்திருந்தார், அதில் அவள் முன்வரிசை. ஓடும்போதுதான் தனக்கு வாய் திறக்கிறது என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள். பக்கத்தில் வருகிறவர் முகத்தைப் பார்க்க வேண்டாம், அவரும் இவள் முகத்தைப் பார்க்க முடியாது, ரோடு பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும், சொல்வது சுலபம் என்றாள். கூட வரச் சொல்லி இவனைக் கூப்பிட்டும் பார்த்தாள். போனான். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், தொப்பையோடு, கடைசி வரிசையில், அங்கே மூச்சு வாங்குகிற நாலு பேரைச் சிரிக்க வைத்துக்கொண்டு. அவள் முன்னால் எங்கேயோ போய்க்கொண்டிருப்பாள்.

மற்ற நாட்களில் அவள் ஓடப் போயிருக்கும் நேரத்தில் யாராவது பட்டறைக்கு வந்து வீட்டம்மா எங்கே என்று கேட்டால் இவனுக்குக் கொண்டாட்டம். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, “ஓடிப்போயிட்டா” என்பான். கேட்டவர் எச்சிலை விழுங்குவார். கொஞ்சம் விட்டு, “எட்டு மணிக்கு வந்துடுவா” என்பான். தெருவில் இந்தத் துணுக்குக்குச் சிரிக்காதவர் இல்லை. தபால்காரர் அதைக் கேட்பதற்காகவே அவள் இல்லாத நேரமாகப் பார்த்து வருவார்.

குளிர் தொடங்கிய வாரத்தில் சனிக்கிழமை சாயங்காலம், அவன் மெழுகை வாட்டிக்கொண்டிருந்தபோது, மருமகள் பட்டறை வாசலில் வந்து நின்று, “நான் போறேன்” என்றாள். குடை எடுத்துக்கொண்டு போ என்றான் இவன், தலை நிமிராமல். எடுத்துக்கொண்டுதான் போயிருந்தாள். குடை, ஒரு துணிப் பை, ஓடுகிற ஷூ. பல்லுறை மட்டும் குளியலறைக் கண்ணாடிக்குக் கீழே டப்பாவில் கிடந்தது. ராத்திரி இவனைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாள்: கிடங்குக்குப் பக்கத்தில் அறை எடுத்திருக்கிறாள், யார் மேலும் கோபமில்லை, ஆனால் திரும்பி வருவதாக இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, இவன் செருப்புக்கடை வாசலுக்குப் போனான். கூட்டம் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றிருந்தது. எங்கே அவள் என்று கேட்டார்கள்.

“ஓடிப்போயிட்டா” என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். செருப்புக்கடைக்காரர் குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். எட்டு மணிக்கு வந்துவிடுவாளா என்று ஒருவர் எடுத்துக் கொடுத்தார். பழக்கத்தில் இவனும் சிரித்துவிட்டான். திரும்பி வந்து, மாடிப்படி ஏறி, அதே சொல்லை என்னிடம் சொன்னான். நானும் சிரித்தேன். அவன் அப்படியே நின்றான். “நிஜமாத்தான் அத்தை” என்றான். அந்தச் சொல்லை இத்தனை வருஷமாக அவனே தேய்த்துத் தீர்த்துவிட்டிருந்தான். தேவைப்பட்ட அன்று அதில் ஒன்றும் மிச்சமில்லை.

செய்தி பரவியதும் யாரோடு என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். ஓடிப்போனாள் என்றால் கூட ஒருவன் இருந்தாக வேண்டும் அல்லவா? தனியாகத்தான் என்று இவன் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. தனியாக என்பதுதான் இவனைக் கொன்றது. இன்னொருவன் என்றால் அவனையாவது திட்டிக்கொண்டிருக்கலாம்.

போனில் கூப்பிட்டால் வேலையில் இருப்பதாகச் சொல்லி வைத்துவிடுவாள். கிடங்கு வாசலில் போய் நின்றால் எல்லோரும் வேடிக்கை பார்ப்பார்கள், அவளுக்குப் பிடிக்காது. மிச்சம் இருந்தது சாலை ஓட்டம்தான். குளிர்காலம் முழுக்க எங்கள் பக்கத்தில் மாதத்துக்கு ஒன்றாவது நடக்கும். ஏரியைச் சுற்றி ஒன்று, பாலத்துக்குப் போய் வருவது ஒன்று. அவள் எதையும் விடமாட்டாள். முதல் ஓட்டத்தில் இவனைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். இவன் முட்டி மோதிக்கொண்டு பெட்ரோல் பங்க் வரைக்கும் பக்கத்தில் போயிருக்கிறான். வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. வளைவில் அவள் போய்விட்டாள். முடிவில் பார்த்தால் பஸ் ஏறிவிட்டிருந்தாள்.

அன்றைக்கு வந்து சொன்னான்: “ரோட்டுலதான் அத்தை அவ பேசுவா. கடைசி வரைக்கும் பக்கத்துலயே ஓடணும். ஓடிக்கிட்டே கேக்கணும்.”

என்ன கேட்பாய் என்றேன். வாக்கியத்தை முன்பே தயார் செய்து வைத்திருந்தான். “வீட்டுக்கு வந்துடு, இனிமே நீ எது சொன்னாலும் நான் சிரிக்காம கேக்குறேன்.”

செருப்புக்கடைக்காரரிடம் போய் யோசனை கேட்டான். பக்கத்தில் ஓடுகிறவரிடம் நிறுத்தாமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகம்தான் உன் உடம்புக்குச் சொந்தமான வேகம், அதற்கு மேலே ஓடுவதெல்லாம் கடன் என்றார் அவர். ஆக, அவளுடைய வேகத்தில் ஓடிக்கொண்டே அந்த வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும். அதுதான் அவனுடைய குளிர்காலப் பயிற்சி.

அதற்குப் பரிசோதகர் நான். கால்வாய் ஓரத்து பஸ் நிறுத்தத்தில், இரண்டு ஸ்வெட்டரும் கழுத்தில் மப்ளரும் பிளாஸ்க்குமாக உட்காருவேன். மூடுபனிக்குள்ளிருந்து முதலில் காலடிச் சத்தம் வரும், பிறகு புகை விட்டுக்கொண்டு அவன் வருவான், என்னைத் தாண்டும்போது வாக்கியத்தைச் சொல்வான். எந்தச் சொல் வரை வந்தது என்று நான் பார்க்க வேண்டும். முதல் வாரங்களில் “வீட்டுக்கு” என்பதோடு சரி, அதற்குப் பிறகு குக்கர் சத்தம். ஒருநாள் பஸ்ஸுக்கு நின்றிருந்த ஓர் அம்மாள், அவன் மூன்று முறை வந்து “வீட்டுக்கு வந்துடு, வீட்டுக்கு வந்துடு” என்று என்னிடம் மன்றாடிவிட்டுப் போவதைப் பார்த்து மனம் கேட்காமல், “பையன் இவ்வளவு கெஞ்சுறானே, போய்டுங்கம்மா. வயசான காலத்துல என்ன வீம்பு?” என்றார். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் மருமகள் சாப்பாடு போடுவதில்லை என்று ஒரு கதையை எடுத்துவிட்டேன். பாதிக் கதையில் பஸ் வந்துவிட்டது.

விளையாட்டுப் போக அவன் பட்ட பாடும் உண்டு. தரையில் பனி உறைந்திருந்த ஒரு காலையில் வழுக்கி விழுந்து மோவாயைப் பெயர்த்துக்கொண்டான். கையுறையைக் கழற்றினால் விரல் நீலம் பாரித்திருக்கும், அந்த விரலோடு வந்து மெழுகில் பல் நடுவான். தொப்பை போயிற்று, கன்னமும் கூடவே போயிற்று. சாப்பாட்டு மேஜையில் வேடிக்கை பேசுவதை நிறுத்தினான். நான் ஏதாவது தொடங்கினால்கூட, “ம், சொல்லுங்க” என்று கையைக் கட்டிக்கொண்டு கேட்பான். அதுவும் பயிற்சியாம். வீடு மருத்துவமனை வராந்தா மாதிரி ஆகிவிட்டது. குளிர் முடியும் தறுவாயில் ஒருநாள் பஸ் நிறுத்தத்தைக் கடக்கும்போது முழு வாக்கியமும் வந்தது, ஒரு சொல்லும் உடையாமல். தாண்டிப் போய்விட்டுத் திரும்பி என்னைப் பார்த்தான். நான் பிளாஸ்க் மூடியைத் தூக்கிக் காட்டினேன்.

பருவத்தின் கடைசி ஓட்டம் ஆற்றோரமாகப் போய், தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறி இறங்கி, பள்ளி மைதானத்தில் முடியும். அவனுடைய ஜாக்கெட்டைத் தோளில் போட்டுக்கொண்டு நான் முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். ஒலிபெருக்கிக்காரர் எண்களை வாசித்துக்கொண்டிருந்தார். யார் யாரோ வந்தார்கள். பிறகு மைதானத்து வாசலில் இரண்டு பேர் தோளோடு தோளாக வந்தார்கள், ஒரே அளவு அடி, ஒரே மாதிரி கை வீச்சு. அவர்களை அப்படிச் சேர்த்து நான் பார்த்ததே கிடையாது. மேட்டிலிருந்தே அவள் தன் வழக்கமான வேகத்தில் ஓடவில்லை என்று செருப்புக்கடைக்காரர் பின்னால் சொன்னார்.

கோட்டைத் தாண்டியதும் இவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டான். அவள் அவன் முதுகில் ஒருமுறை கை வைத்தாள். பிறகு என்னிடம் வந்து, குளிரில் இப்படி நிற்கலாமா அத்தை, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். பையை எடுத்தாள், பஸ் பக்கம் நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன். பார்த்தாள், ஆனால் நடந்துகொண்டேதான் பார்த்தாள்.

நான் ஜாக்கெட்டைப் போர்த்திவிட்டு, கேட்டாயா என்றேன். அவன் நிமிரவில்லை. வாயைத் திறந்து மூடினான், சத்தம் வரவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பாழாய்ப் போன மேடு மூச்சை வாங்கிவிட்டது. குளிர்காலம் முழுக்கச் சமதரையில் பழகியவனுக்கு மேட்டில் வாக்கியம் எழும்பவில்லை. கேட்டிருந்தால் வந்திருப்பாள். அடுத்த குளிருக்கு அவனை மேட்டில் பழக்க வேண்டும் என்று நான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு இருக்கிறேன்.

இதுவரை எழுதியதை இன்று பட்டறையில் உட்கார்ந்து அவனுக்குப் படித்துக் காட்டினேன். என் கீழ்ப் பல் செட் ஈறில் உறுத்துகிறது என்று கொடுத்திருந்தேன், அதை அவன் அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தான். பல் இல்லாத வாயில் பாதிச் சொற்கள் விசிலாக வந்தன, ஆனாலும் அவன் சிரிக்கவில்லை. ரயிலுக்கு மறுப்புச் சொல்லவில்லை, பஸ் நிறுத்தத்துக்கும் சொல்லவில்லை. மேடு வந்தபோதுதான் அரத்தைக் கீழே வைத்தான்.

“மூச்சு முட்டல அத்தை. மேட்டுலயே கேட்டுட்டேன், முழுசா, ஒரு சொல் உடையல. அவ வேகத்தைக் குறைச்சுக்கிட்டா. அப்புறம், ‘நீ சிரிக்காம கேப்ப, நம்புறேன், ஆனா உன்கிட்ட சொல்றதுக்கு எனக்கு இப்ப ஒண்ணுமே இல்ல’ன்னா. அந்த இடத்தை மட்டும் திருத்திடுங்க.”